கேட்டமரானுக்குள் பூனை உண்டா?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒரு சொல் விளையாட்டுக்காக, 'கேட்' (சி, ஏ, டி) என்ற மூன்று எழுத்தும் அடுத்தடுத்து வரும் நீளமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டாள். கட்டாஸ்ட்ரஃபி, கேட்டகிரி, கதீட்ரல், சர்டிஃபிகேட், இன்டாக்சிகேட், கேட்டர்பில்லர், கேட்டமரான் என்று பக்கம் நிறைந்துவிட்டது. "இத்தனை வார்த்தையில் பூனை எப்படிப்பா நுழைந்தது?" என்று கேட்கிறாள். அர்த்தத்தோடு கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில்: முதலில் மகள் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். அகராதிக்கு மெய்ப்புத் திருத்திய காலத்தில் எனக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. நீளமான சொல் எது கண்ணில் பட்டாலும், அது எங்கே ஒட்டப்பட்டிருக்கிறதோ அங்கே குறுக்கே ஒரு கோடு. கோடு சரியான இடத்தில் விழுந்தால் பாதி அர்த்தம் தானாக வந்துவிடும். இந்தப் பட்டியலில் அப்படிக் கோடு போட்டால் பெரும்பாலான பூனைகள் காணாமல் போய்விடும்.

சொல்லின் தலையிலேயே 'கேட்' வந்தால் அநேகமாக அது கிரேக்கம். 'கட்டா' என்று ஒரு முன்னொட்டு. கீழே, எதிராக, முழுக்க என்று இடத்துக்குத் தகுந்தபடி பொருள் தரும். எனவே கோடு மூன்றாம் எழுத்துக்கு அப்புறம் அல்ல, நான்காம் எழுத்துக்கு அப்புறம். கட்டாஸ்ட்ரஃபி என்றால் 'கீழே புரளுதல்'. கிரேக்க நாடகத்தில் கதையை முடித்துவைக்கும் கடைசித் திருப்பத்துக்குப் பெயர் அது. பேரழிவு என்ற பொருள் பிற்பாடு வந்தது. (கடைசியில் 'ஃபி' என்று முடியும். 'கட்டாஸ்ட்ரோஃப்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) கேட்டராக்ட் 'கீழே பாய்வது', அதாவது அருவி. நைல் நதியில் ஆறு கேட்டராக்ட் என்று பூகோளப் புத்தகத்தில் வருவது இதுதான். கண்புரைக்கும் அதே பெயர். மூக்கிலிருந்து ஒழுகினால் கேட்டார், அதுவும் 'கீழே வழிவது'தான்.

கேட்டகிரி இன்னும் சுவையானது. 'எதிராக' என்ற கட்டாவும், 'அகோரா' என்ற ஊர்ச்சபையும் சேர்ந்தது அது. சபையில் ஒருவனுக்கு எதிராகப் பேசுவது, அதாவது குற்றம் சாட்டுவது. 'இன்னான் இப்படிப்பட்டவன்' என்று சொல்வதுதானே குற்றச்சாட்டு? அரிஸ்டாட்டில் அந்தச் சொல்லைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்து, ஒரு பொருளைப் பற்றி என்னென்ன விதமாகச் சொல்லலாம் என்று பிரிக்கப் பயன்படுத்தினார். அதனால்தான் இன்று அது வெறும் 'வகை'.

கதீட்ரலில் ஒரு தந்திரம் உண்டு. அதில் டியும் ஹெச்சும் ஒட்டி வருவதால் சேர்த்து உச்சரிக்கிறோம். ஆனால் ஒட்டு சரியாக அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது: 'கட்', 'ஹெட்ரா'. ஹெட்ரா என்றால் இருக்கை. பிஷப்பின் இருக்கை உள்ள தேவாலயம் கதீட்ரல். நாம் உட்காரும் 'சேர்' கூட அதே சொல்தான், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. பாட்டரி பற்றிப் படிக்கும்போது வரும் கேத்தோடு என்ற மின்முனையும் இதே மாதிரி: கட், ஹோடோஸ்; 'இறங்கும் பாதை'. 1834இல் மைக்கேல் ஃபாரடேவுக்காக வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞர் கிரேக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பெயர். சூரியன் இறங்குகிற திசையை நினைத்துக் கேத்தோடு, ஏறுகிற திசையை நினைத்து ஆனோடு.

அடுத்து, சொல்லின் வாலில் வரும் கேட். சர்டிஃபிகேட், எராடிகேட், காம்ப்ளிகேட் வகையறா. இவை லத்தீன். இங்கே பூனை இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலின் குறுக்கே படுத்திருக்கிறது: 'சி' வேர்ச்சொல்லைச் சேர்ந்தது, 'ஏ, டி' விகுதியைச் சேர்ந்தது. கோடு பூனையை வெட்டிக்கொண்டுதான் போகும். எராடிகேட்டில் 'ராடிக்' என்றால் வேர். முன்னால் உள்ள 'எ' வெளியே. வேரை வெளியே எடு. நாம் வேரறு என்கிறோமே, அச்சாக அதேதான். காம்ப்ளிகேட்டில் 'ப்ளிக்' என்றால் மடிப்பு. சேர்த்து மடித்துவிட்டால் சிக்கல். உள்ளே மடித்தால் இம்ப்ளிகேட், வழக்கில் மாட்டிவிடுதல். இரண்டாக மடித்தால் டூப்ளிகேட். தமிழில் 'இருமடங்கு' என்று சொல்லும்போது நாமும் மடக்கத்தான் செய்கிறோம். அட்வகேட்டில் உள்ளது 'வொக்', கூப்பிடுதல். தன் உதவிக்கு ஒருவர் கூப்பிட்டுக்கொண்ட ஆள்தான் வக்கீல். இன்டாக்சிகேட்டில் உள்ள 'டாக்சிக்' விஷம். அதற்கும் முன்னால் போனால் கிரேக்கத்தில் 'டாக்ஸான்' என்பது வில். அம்பு நுனியில் தடவிய விஷம் கடைசியில் போதையாக வந்து நிற்கிறது.

நிஜப் பூனை இருக்கிற சொல் எது? பார்த்தால் தெரியாது, கேட்டர்பில்லர்தான். பழைய வடபிரெஞ்சில் 'முடியுள்ள பூனை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. கம்பளிப்பூச்சியை உற்றுப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். வில்லோ போன்ற மரங்களில் மெத்தென்று தொங்கும் பூங்கொத்துக்கு கேட்கின் என்று பெயர். டச்சு மொழியில் பூனைக்குட்டி. பூனைகள் இரவில் போடும் கூச்சல் கேட்டர்வால். மாறாக, வயலின் தந்திக்குச் சொல்லும் கேட்கட் பெரும்பாலும் ஆட்டுக் குடல்.

கடைசியாக, கேட்டமரான். இதில் பூனையும் இல்லை, கிரேக்கமும் இல்லை. நம் கட்டுமரம். கட்டு, மரம் என்று உங்கள் மகளே கோடு போட்டுவிடுவாள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியான தன் பயணநூலில் சோழமண்டலக் கரையில் இந்தப் பெயரைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. இரட்டை உடல் கொண்ட இன்றைய பாய்படகுக்கு அந்தப் பெயர் போனது பின்னால் நடந்தது. அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் படகு வந்தபோது, 'மரான்' என்றால் படகுதான் போல என்று நினைத்து 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்தார்கள். 'மூணு மரம்' என்று ஆங்கிலேயர் சொல்வதைக் கேட்க எனக்கு என்னவோ சந்தோஷம். படகுக்காரர்கள் இப்போது கேட்டமரானைச் சுருக்கி வெறுமனே 'கேட்' என்கிறார்கள். ஆக, பூனை இல்லாத இடத்தில் ஒருவழியாகப் பூனை வந்து சேர்ந்துவிட்டது.

கேள்வி: நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறேன். பூனை வரும் ஆங்கில மரபுத்தொடர்களை அர்த்தத்துடன் தொகுத்துத் தந்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

பதில்: தம்பி, மனப்பாடம் செய்து நேர்முகத்தில் கொட்டினால் கேட்பவர் முகம் மாறும். நான்கைந்து தெரிந்தால் போதும், அதுவும் மற்றவர் சொல்லும்போது விளங்கிக்கொள்வதற்காக.

'பெல் தி கேட்' உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாமும் கேட்கிறோம். 'லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்' என்றால் ரகசியத்தை, பெரும்பாலும் வாய்தவறி, வெளியே விட்டுவிடுவது. 'புட் தி கேட் அமங் தி பிஜன்ஸ்' வேறு விஷயம்: புறாக்கூட்டத்தில் பூனையை விட்ட மாதிரி, ஒரு பேச்சால் எல்லாரையும் கலவரப்படுத்துவது. இந்த இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய.

'கேட்ஸ் பா', பூனைப் பாதம். அடுத்தவன் காரியத்துக்குக் கருவியாகிறவன். நெருப்பில் வெந்த கொட்டையை எடுக்கக் குரங்கு பூனையின் பாதத்தைப் பயன்படுத்திய கதை அடிப்படை. 'சீ விச் வே தி கேட் ஜம்ப்ஸ்' என்பதை நம் மதில்மேல் பூனையோடு சேர்த்துப் பாருங்கள். நமக்கு, முடிவெடுக்காத ஆள்தான் பூனை. அவர்களுக்கு, பூனை எந்தப் பக்கம் குதிக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கக் காத்திருப்பவன் கீழே நிற்கிறான். 'நோ ரூம் டு ஸ்விங் எ கேட்' என்றால் இடுக்கான அறை. 'ஃபேட் கேட்' என்றால் கொழுத்த பணக்காரர். 1920களின் அமெரிக்க அரசியலில், கட்சிக்குப் பெருந்தொகை கொடுப்பவர்களைக் கிண்டலாகச் சொன்னது.

'க்யூரியாசிட்டி கில்டு தி கேட்', தேவையில்லாமல் மூக்கை நுழைக்காதே என்பதற்கு. இது பழமொழியின் பிந்தைய வடிவம். ஷேக்ஸ்பியர் காலத்தில் பூனையைக் கொன்றது ஆர்வம் அல்ல, 'கேர்', அதாவது கவலை. எனக்கு அந்தப் பழைய பூனைமேல்தான் இரக்கம் அதிகம்.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் சலித்துப்போன பேச்சுகளைக் கேலி செய்த நூலிலேயே அது இருக்கிறது, அன்றைக்கே பழசு. கூரையில் தூங்கிய பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று சுற்றும் கதைக்கும் ஆதாரம் கிடையாது. கனமழை என்று சொல்ல வேண்டுமென்றால் 'இட்ஸ் போரிங் டவுன்' போதும். 'போரிங்' என்றதும் சிரிக்காதீர்கள். கொட்டுகிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஹெலிகாப்டர், டெரோடாக்டைல் இரண்டிலும் பி, டி, இ, ஆர் என்ற நான்கு எழுத்தும் வரிசையாக வருகின்றன. தற்செயலா, சம்பந்தம் உண்டா?

பதில்: கண்ணுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். (மற்ற வாசகர்களுக்கு: பென்னில் வரும் பி, டென்னில் வரும் டி. தமிழில் எழுதினால் இந்த வம்பு உண்டு.) சம்பந்தம் உண்டு. கிரேக்கத்தில் 'ப்டெரான்' என்றால் இறக்கை. டெரோடாக்டைல், 'இறக்கை விரல்'. டைனோசர் காலத்தில் பறந்த அந்த விலங்கின் நீண்ட நான்காம் விரல்தான் இறக்கையைத் தாங்கியது. அதில் பி எழுத்து ஊமை. ஹெலிகாப்டரில் அதே பி நன்றாகப் பேசுகிறது.

ஹெலிகாப்டரை எல்லாரும் ஹெலி, காப்டர் என்றுதான் பிரிக்கிறோம். அது தப்பான கோடு. 1861இல் பிரான்சில் குஸ்தாவ் தெ போன்தோன் தமெகூர் இந்தச் சொல்லை அமைத்தபோது, 'ஹெலிகோ' என்ற சுருள், 'ப்டெர்' என்ற இறக்கை, இவற்றைத்தான் ஒட்டினார். சுழல் இறக்கை. தப்பான கோட்டிலிருந்துதான் 'காப்டர்' பிறந்தது, 'ஹெலிபேட்', 'ஹெலிபோர்ட்' எல்லாம் பிறந்தன. ஹாம்பர்க் நகரத்தின் பெயரைத் தாங்கிய ஹாம்பர்கரை ஹாம், பர்கர் என்று வெட்டினார்களே, அதே வேலை. இலக்கணக்காரர் தலையில் அடித்துக்கொள்ளலாம், நான் அடித்துக்கொள்வதில்லை. மொழி இப்படித்தான் புதுச் சொல் சம்பாதிக்கிறது.

இந்த எழுத்து வரிசை தெரிந்தால் பூச்சியியல் பாதி எளிதாகிவிடும். லெபிடாப்டெரா செதில் இறக்கை: வண்ணத்துப்பூச்சி, தொட்டால் விரலில் ஒட்டும் தூள் அந்தச் செதில்தான். கோலியாப்டெரா உறை இறக்கை: வண்டு. டிப்டெரா இரட்டை இறக்கை: ஈ, கொசு. பூச்சி அல்லாத வௌவாலுக்கு கைராப்டெரா, கை இறக்கை. ஆனால் சாப்டருக்கு இறக்கை இல்லை. லத்தீனில் அது 'சின்னத் தலை'. அடாப்டரில் டிக்கும் இக்கும் நடுவில் ஒட்டு. அங்கேயும் பறக்க ஒன்றுமில்லை.

கேள்வி: செபரேட் என்ற சொல்லை எத்தனை முறை எழுதினாலும் நடுவில் ஏ வருமா இ வருமா என்று தடுமாறுகிறேன். வழி உண்டா?

பதில்: உள்ளே 'எ ரேட்', ஓர் எலி இருக்கிறது. ஏ, ஆர், ஏ, டி என்று அப்படியே வரும். எலியைப் பிடித்துக்கொண்டால் எழுத்து தவறாது. இது பொய்யான ஒட்டுதான், ஆனால் எழுத்துக்கூட்ட உதவுகிறது, விட்டுவிடுங்கள். பிலீவில் 'லை' என்ற பொய் இருக்கிறது. துண்டு என்ற பொருளுள்ள பீஸில் 'பை' என்ற தின்பண்டம் இருக்கிறது. என்விரான்மென்டில் 'அயர்ன்' இருக்கிறது, நாம் விழுங்கிவிடும் அந்த 'என்' எழுத்தையும் சேர்த்து. டெஃபினிட்டில் 'ஃபைனைட்' இருப்பது மட்டும் பொய்யல்ல. இரண்டும் எல்லை என்ற ஒரே வேர். செக்ரட்டரிக்குள் உள்ள 'சீக்ரெட்' கூட நிஜம்: முதலாளியின் ரகசியம் காக்கிறவர்.

கேள்வி: ஓ, யு, ஜி, ஹெச் என்று முடியும் சொற்கள் ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கின்றன? டஃப், தோ, த்ரூ, காஃப், பௌ... பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மாளவில்லை.

பதில்: ஆசிரியரம்மா, குற்றவாளி அந்த 'ஜி ஹெச்'. ஒரு காலத்தில் அது தொண்டையை உரசிவரும் ஓர் ஒலி; ஸ்காட்லாந்துக்காரர் ஏரியை 'லாக்' என்னும்போது கடைசியில் கேட்கிறதே, அது. அப்புறம் அந்த ஒலி ஆங்கிலத்திலிருந்து மறைந்தது. சில சொற்களில் 'ஃப்' ஆக மாறியது, சிலவற்றில் சத்தமில்லாமல் போனது. முன்னால் இருந்த உயிரொலிகளும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிட்டன. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. விதி சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள், விதி இல்லை. தொடர்களாகச் சொல்லிக்கொடுங்கள், ஒலி காதில் ஒட்டிக்கொள்ளும்: 'டேக் தி ரஃப் வித் தி ஸ்மூத்', நல்லது கெட்டது இரண்டையும் ஏற்றுக்கொள், 'த்ரூ திக் அண்ட் தின்', இன்பத்திலும் துன்பத்திலும் கூட இருத்தல், 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்திலேயே இருந்த தொடர், 'காஃப் அப்', மனமில்லாமல் பணத்தைக் கக்குதல், 'ஃபுட் ஃபார் தாட்', யோசிக்க வேண்டிய விஷயம்.

விக்கலுக்கு மட்டும் ஒரு விசேஷம். 'ஹிக்கப்' என்று ஒலியைப் பார்த்து வைத்த சொல். அதற்குள் இருமல் இருக்கிறது என்று யாரோ நினைத்து, கடைசியில் 'காஃப்' என்ற எழுத்துகளைச் சேர்த்துவிட்டார்கள். அப்படி எழுதினாலும் வாசிக்கும்போது ஹிக்கப்தான்.

கேள்வி: ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் 45 எழுத்துள்ள நுரையீரல் நோயின் பெயராமே? அதைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டினால் பரிசு என்று நண்பன் சவால் விட்டிருக்கிறான்.

பதில்: நிமோனோஅல்ட்ராமைக்ராஸ்காபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். எரிமலையிலிருந்து வரும் மிக நுண்ணிய சிலிக்கா தூளைச் சுவாசிப்பதால் வரும் நோய் என்று அர்த்தம். 1935இல் அமெரிக்கப் புதிர்க்காரர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிய சொல் இது. டாக்டர்கள் சிலிகோசிஸ் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சவாலில் ஜெயிக்க ஆறு கோடு போட்டால் போதும்: நிமோனோவில் 8 எழுத்து, அல்ட்ராவில் 5, மைக்ராஸ்காபிக்கில் 11, சிலிகோவில் 6, வால்கேனோவில் 7, கோனியோசிஸில் 8. ஆறு கோடு என்றேனா? ஐந்து. கூட்டிப் பாருங்கள், 45 வரும்.

எனக்குப் பிடித்தது 29 எழுத்துள்ள ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன். வில்லியம் ஷென்ஸ்டோன் என்ற கவிஞர் 1741இல் ஒரு கடிதத்தில் எழுதினார். லத்தீன் இலக்கணப் பாடத்தில் 'பொருட்டில்லை' என்பதற்குச் சொல்லிக்கொடுத்த நான்கு சொற்களை அப்படியே கோத்தது: ஃப்ளாக்கி என்றால் கம்பளிப் பிசிறு, நௌக்கி அற்பம், நிஹிலி ஒன்றுமில்லாதது, பிலி ஒரு மயிர். ஒன்றைத் துச்சமாக மதிப்பதுதான் முழுச் சொல்லின் பொருள். தமிழிலும் மயிருக்குச் சமம் என்று திட்டுவதால் மனப்பாடம் செய்வது நமக்குச் சுலபம். அதில் ஐ எழுத்து ஒன்பது முறை வருகிறது, இ ஒரு முறைகூட இல்லை. முதல் கேள்வி கேட்டவர் மகளிடம் சொல்லுங்கள்: 24ஆம் எழுத்திலிருந்து பார்த்தால் அங்கேயும் ஒரு கேட் உண்டு. சர்டிஃபிகேட்டில் இருக்கிற அதே பூனை.

கேள்வி: எப்போதும் பூனைதானா? வீட்டில் நாய் வளர்க்கிறேன். 'டாக்' என்ற எழுத்துகள் ஒளிந்திருக்கும் சொற்களைச் சொல்ல மாட்டீர்களா?

பதில்: ஓரவஞ்சனை இல்லை, சரக்குதான் குறைவு. டாக்மாவில் நாய் இல்லை. 'சரியென்று தோன்றுவது' என்ற கிரேக்கச் சொல், இப்போது மறுகேள்வி கேட்க முடியாத கோட்பாடு. எண்டாகமி, தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்வது. எண்டோ, கமி என்று கோடு போட்டால் நாயின் கடைசி எழுத்து அந்தப் பக்கம் போய்விடும். டாகிட் என்ற விடாப்பிடியில் மட்டும் நாய் அசல், கவ்வினால் விடாது. தொடர்கள் நிறைய: 'டாக் இன் தி மேஞ்சர்' நம் வைக்கோல்போர் நாய், 'லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை' என்றால் அடங்கிக் கிடக்கும் வம்பைக் கிளறாதே, வால் நாயை ஆட்டினால், சின்னது பெரியதை ஆட்டிவைக்கிறது. 'டாக் டேஸ்' என்று கோடையின் கொடும் நாட்களைச் சொல்கிறார்களே, அதை நாய்க்கு வெயிலில் வரும் மயக்கத்தோடு சேர்க்க வேண்டாம். சூரியனோடு சேர்ந்து சிரியஸ் என்ற நாய் விண்மீன் உதிக்கும் காலத்துக்கு ரோமானியர் வைத்த பெயர் அது.